ஸ்விட்சுக்கு மூடி போட்டால் போதுமா?

நவராத்திரியின்போது நம் சங்கத்தில் கொலு பார்க்க வந்த ஓர் இளம் தாய், பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே என்னிடம் கேட்டார்: "சார், நீங்க ரயில்வேல எலெக்ட்ரிகல்ல இருந்தீங்கன்னு சொன்னாங்க. இவன் தவழ ஆரம்பிச்சுட்டான். ஸ்விட்ச், ப்ளக் பாயிண்ட் எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் மூடி விக்கறாங்களே, அதுல எது நல்லது? ஒரு வீட்டுக்கு எத்தனை வாங்கணும்?"

"வாங்கலாம்மா. ஆனா அது மூணாவது வேலை. முதல் ரெண்டும் ஆயிடுச்சா?" என்று கேட்டேன். அதற்குள் சுண்டல் வரிசை நகர்ந்துவிட்டது. வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய விஷயமும் அல்ல. பாங்க் மாற்றலிலும் கம்பெனி வேலையிலும் நாக்பூருக்கு வந்து, கைக்குழந்தையோடு வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறைய. ஆகவே அந்த இரண்டு வேலைகளையும் இங்கே விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சுவரில் இருக்கும் விளக்கு ஸ்விட்ச், உடையாமல் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருந்தால், வீட்டு மின்சாமான்களிலேயே குழந்தைக்கு ஆபத்துக் குறைந்தது அதுதான். குழந்தை நூறு தடவை தட்டினாலும் விரல் படுவது பிளாஸ்டிக்கின் மேல்தான். பாட்டிக்குக் கோபம் வரும், அவ்வளவே.

ஆபத்து உடைந்த போர்டில் இருக்கிறது. தட்டில் விரிசல் விட்டிருக்கும். ஒரு மூலையில் திருகு விழுந்து போர்டு ஆடும். ஒரு ஸ்விட்ச் உள்ளே போய், அந்த ஓட்டை அப்படியே வாயைத் திறந்துகொண்டிருக்கும். நமக்கு அது பழகிப்போய்க் கண்ணிலேயே படாது. குழந்தைக்கோ விரலை விட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் வேறு கிடையாது. குளித்துவிட்டு ஈரக் கையோடு ஓடி வரும் குழந்தைக்கு இது இன்னும் மோசம். உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலில் அந்தத் தடை பல மடங்கு குறைந்துவிடும்.

வெளியே தெரியாத கோளாறு ஒன்றும் உண்டு. ஸ்விட்ச் எப்போதும் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் வேலை பார்த்தவர் அதை நியூட்ரல் கம்பியில் கொடுத்துவிட்டாலும் விளக்கு எரியும், அணையும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்பு ஹோல்டரிலும் ப்ளக் பாயிண்டின் ஓட்டையிலும் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். அணைத்துவிட்டு டெஸ்டரை வைத்தால் அது எரியக் கூடாது. எரிந்தால் கம்பி மாறியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். புதிய வீட்டில் பால் காய்ச்சும் வாரத்திலேயே ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வீடு முழுக்க இதைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

அடுத்தது, ஸ்விட்ச் எதை இயக்குகிறது என்பது. நம் நாட்டு வீடுகளில் ஒவ்வொரு ப்ளக் பாயிண்டுக்கும் பக்கத்திலேயே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. இது பெரிய வசதிதான். ஆனால் இதனால் நமக்கு ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிட்டது: ஸ்விட்சை அணைப்போம், ப்ளக்கைப் பிடுங்க மாட்டோம். மிக்ஸி ஜாரில் விரலை விட்டுத் தேங்காய்த் துவையலை வழித்துக்கொண்டிருக்கும்போது, சமையல் மேடையில் உட்கார வைத்த குழந்தை எட்டி ஸ்விட்சைத் தட்டினால் என்ன ஆகும்? துணி மடிக்கும் மெத்தையின் மேல் வைத்த இஸ்திரிப் பெட்டி, ப்ளக் செருகியபடியே இருந்தால்? சிவப்பாக எரியும் சிறு விளக்கு உள்ள ஸ்விட்ச் என்றால் குழந்தைக்குத் தனி மோகம். கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறி நம்மோடு வந்த கிரைண்டருக்கும் இது பொருந்தும். வேலை முடிந்ததும் ப்ளக்கைப் பிடுங்கி வைப்பது காசு செலவில்லாத காரியம். எந்த மூடியும் இதற்கு ஈடாகாது.

ஃப்யூஸ் குழந்தையைக் காப்பாற்றாது

"எங்க வீட்டுல எம்.சி.பி. எல்லாம் போட்டிருக்கு சார், ஷாக் அடிச்சா தானா விழுந்துடும்" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். விழாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாசகர்கள் மனத்தில் வாங்கிக்கொண்டால் நான் எழுதியதற்குப் பலன் கிடைத்ததாக நினைத்துக்கொள்வேன்.

கணக்கு எளிது. விளக்கு லைனில் உள்ள எம்.சி.பி. வழக்கமாக 6 ஆம்பியர். அதற்கு மேல் நல்ல அளவுக்கு மின்சாரம் ஓடினால்தான் அது விழும். அதன் வேலை சுவருக்குள் இருக்கும் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. பழைய பீங்கான் ஃப்யூஸின் வேலையும் அதுவே. மனித உடம்போ ஆம்பியர் கணக்கில் பேசுவதில்லை. மில்லிஆம்பியரில், அதாவது ஆம்பியரை ஆயிரமாகப் பிரித்த அளவில் பேசுகிறது. ஏறத்தாழ 10 மில்லிஆம்பியர் கை வழியே ஓடினாலே தசை இறுகி, வளர்ந்த மனிதரால்கூடப் பிடித்ததை விட முடியாமல் போகும். குழந்தைக்கு அதைவிடக் குறைவே போதும். 100 மில்லிஆம்பியர் நெஞ்சின் வழியே ஓடினால், சில விநாடிகளில் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு கெட்டு நின்றுவிடக்கூடும். பழைய 40 வாட் குண்டு பல்பு எரிவதற்கே சுமார் 170 மில்லிஆம்பியர் தேவை. அதாவது ஒரு பல்பைக்கூட எரிக்கப் போதாத மின்சாரம் ஒரு குழந்தையின் உயிரை எடுக்கும். அந்த நேரத்தில் எம்.சி.பி.க்கு வீட்டில் ஒரு சின்ன விளக்கு கூடுதலாக எரிகிறது என்ற அளவில்தான் தெரியும். அது ஏன் விழப் போகிறது?

இதற்கென்று இருக்கும் கருவி ஆர்.சி.சி.பி. கடைக்காரர்கள் பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். பேஸ் கம்பியில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் கம்பியில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், அது வேறு எங்கோ, யாரோ ஒருவர் உடம்பின் வழியாகவோ கெட்டுப்போன சாமானின் வழியாகவோ, பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். 30 மில்லிஆம்பியர் குறைந்தால் அதிகபட்சம் 0.3 விநாடிக்குள், குறைவு அதிகமானால் இன்னும் வேகமாக, மொத்த இணைப்பையும் துண்டித்துவிடும். ஒரு சுரீர் இருக்கத்தான் செய்யும், குழந்தை வீறிடும். ஆனால் கை விடுபட்டுவிடும்.

வாங்கும்போது "30 மில்லிஆம்பியர்" என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் உண்டு. அவை தீ விபத்தைத் தடுப்பதற்கானவை, ஆளைக் காப்பதற்கானவை அல்ல. மேலே ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். எம்.சி.பி.யும் இதுவும் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால் அடையாளம் சொல்கிறேன்: ஆர்.சி.சி.பி.யில் "டி" என்ற ஆங்கில எழுத்துடன் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். பட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் கருவியோ இணைப்போ சரியில்லை. விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். இன்று ஒரு குழந்தையின் பொம்மைக் காருக்குக் கொடுக்கும் விலை.

சிக்னல் வேலையில் ரயில்வேக்கு ஒரு பழைய கொள்கை உண்டு. கம்பி அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும், எது கெட்டாலும் சிக்னல் சிவப்புக்குத்தான் போக வேண்டும். பச்சைக்குப் போகவே கூடாது. மனிதன் மறப்பான், சாமான் கெடும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு அமைத்த ஏற்பாடு அது. பிள்ளை வளரும் வீட்டிலும் அப்படித்தான் யோசிக்க வேண்டும். அம்மா ஒரு நாள் மூடியை மாட்ட மறப்பார். தாத்தா கண்ணாடி இல்லாமல் ப்ளக்கை அரைகுறையாகச் செருகுவார். அன்றைக்கும் குழந்தை பிழைக்க வேண்டும். அதனால்தான் ஆர்.சி.சி.பி. முதல் வேலை, மூடி மூன்றாவது வேலை.

"டைரக்ட் கர் தியா"

கொலு முடிந்த அடுத்த ஞாயிறன்று, அந்தப் பெண்ணும் அவர் கணவரும் கூப்பிட்டதால் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, வாடகை ஃப்ளாட், கட்டிப் பத்து வருஷம் இருக்கும். வாசல் பக்கத்தில் மின்பெட்டி. மூடியைத் திறந்ததும் ஆர்.சி.சி.பி. கண்ணில் பட்டது, நல்ல கம்பெனிச் சாமான், 30 மில்லிஆம்பியர்தான். "டி" பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. எலெக்ட்ரீஷியனை வரவழைத்துத் தட்டைக் கழற்றச் சொன்னால், கருவிக்கு வந்த கம்பிகளை எடுத்து, அதைத் தொடாமலேயே நேராக அடுத்த கம்பிகளோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தது. காவல்காரரை நாற்காலியில் உட்கார வைத்துக் கையைக் கட்டிப்போட்ட கதை.

வீட்டுக்காரரைப் போனில் பிடித்துக் கேட்டோம். அவர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "பார் பார் கிர்தா தா, இஸ்லியே டைரக்ட் கர் தியா." அடிக்கடி விழுந்ததாம், அதனால் நேராகக் கொடுத்துவிட்டார்களாம்.

ஏன் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. அன்று மூன்று மணி நேரம் செலவழித்து நாங்கள் அதைத்தான் தேடினோம். ஆர்.சி.சி.பி.யை மறுபடி இணைத்து ஒவ்வொரு லைனாகப் போட்டுப் பார்த்தோம். முதல் காரணம், இன்வெர்ட்டரின் நியூட்ரலும் வீட்டு நியூட்ரலும் ஓரிடத்தில் கலந்திருந்தது. இப்படிக் கலந்தால் போன கணக்கும் வந்த கணக்கும் ஒத்துப்போகாது. கருவி விழத்தான் செய்யும். இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் இது மிகச் சாதாரணம். இரண்டாவது காரணம்தான் என்னைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வைத்தது. குளியலறை கீசரின் ஸ்விட்சைப் போட்ட உடனே கருவி விழுந்தது. போர் தண்ணீரின் உப்புப் படிந்து கீசரின் சூடேற்றும் குழாய் வெடித்து, மின்சாரம் தண்ணீருக்குள் கசிந்துகொண்டிருந்தது. எர்த் கம்பி நன்றாக இருந்த ஒரே காரணத்தால் அது யாரையும் தொடாமல் பூமிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த எர்த் கம்பி என்றைக்காவது கழன்றிருந்தால்? அந்தக் கருவி அடிக்கடி விழுந்து சொன்னது பொய்யல்ல. அந்தக் கீசர் தண்ணீரில்தான் பத்து மாதமாகக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கீசருக்குப் புதுக் குழாய் போட்டு, நியூட்ரலைப் பிரித்து, ஆர்.சி.சி.பி.யை நிலையாக இணைத்ததும் அது விழவில்லை. செலவில் பாதியை வீட்டுக்காரர் தந்தார், மீதியை வாடகையில் கழிக்கவும் ஒப்புக்கொண்டார். எல்லா வீட்டுக்காரர்களும் இப்படி இறங்கி வர மாட்டார்கள். வர மறுத்தால் ஒரு வழி சொல்கிறேன். பெட்டியில் மெயினாக இருக்கும் இரட்டை ஐஸொலேட்டரும் இரண்டு கம்பி ஆர்.சி.சி.பி.யும் பெரும்பாலும் ஒரே அகலம். மெயினின் ஆம்பியர் அளவைப் பார்த்து, 25 அல்லது 40 ஆம்பியரில் பொருத்தமானதை வாங்கி, எலெக்ட்ரீஷியனைக் கொண்டு ஐஸொலேட்டரைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டிவிடலாம். பழையதை அலமாரியில் பத்திரமாக வையுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது அதைத் திரும்ப மாட்டிவிட்டு, உங்கள் ஆர்.சி.சி.பி.யை அடுத்த ஊருக்கு எடுத்துக்கொண்டு போகலாம். மாற்றல் உத்தியோகக்காரர்களுக்கு இதைவிட உபயோகமான சீர்வரிசை இல்லை!

எர்த் சரியில்லாத பழைய வீடுகளிலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். வித்தியாசம் என்னவென்றால், எர்த் இருந்தால் சாமான் கெட்ட உடனே விழும். இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். ஆகவே எர்த்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர்க் கோடையில் கரிசல் மண் காய்ந்து வெடித்துவிடும். எர்த் குழியில் ஈரம் இருக்காது. தனி வீட்டுக்காரர்கள் ஏப்ரல், மே மாதங்களில் எர்த் குழாயில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது நல்லது.

மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருக்கும் என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ரயில்வேயில் 25,000 வோல்ட் மேல்கம்பியில் வேலை செய்கிறவர்களுக்கு முதல் பாடம் இது: லைன் அணைந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதே, சோதித்துப் பார், எர்த் போடு, அப்புறம் கையை வை.

தரையோரத்து ஓட்டைகள்

இரண்டாவது வேலை ப்ளக் பாயிண்டுகள். ஆர்.சி.சி.பி.யால் பிடிக்க முடியாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. குழந்தை இரண்டு கையிலும் இரண்டு ஹேர்பின்னை எடுத்து, ப்ளக் பாயிண்டின் இரண்டு ஓட்டையிலும் ஒரே சமயத்தில் செருகினால், ஒரு கையில் போன மின்சாரம் மறு கையால் திரும்பிவிடும். கணக்கு ஒத்துப்போவதால் கருவிக்குச் சந்தேகம் வராது. ஆகவே ஓட்டையையே அடைத்தாக வேண்டும்.

பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ்களில் ஸ்விட்ச் போர்டு ஆள் உயரத்தில் இருக்கும். கறுப்பு பேக்லைட் ஸ்விட்ச், டக் டக் என்று சத்தம் போடும். குழந்தைக்கு எட்ட நான்கைந்து வயதாக வேண்டும். இப்போதைய ஃப்ளாட்டுகளில் டி.வி.க்கு, கட்டில் பக்கத்தில், சோபாவுக்குப் பின்னால் என்று தரையிலிருந்து ஓரடி உயரத்திலேயே ப்ளக் பாயிண்டுகள். தவழும் குழந்தையின் முகத்துக்கு நேரே இருக்கின்றன.

இதற்கு நல்ல வழி ஷட்டர் வைத்த ஸாக்கெட். நம் மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது முதலில் உள்ளே போய் எர்த் இணைப்பைக் கொடுக்கும். ஷட்டர் உள்ள ஸாக்கெட்டில் மற்ற இரண்டு ஓட்டைகளின் உள்கதவையும் அதுவே திறக்கும். வெறும் ஊக்கைச் செருகினால் கதவு திறக்காது. பிரிட்டனில் 1947-இல் வந்த சதுரப் பின் ஸாக்கெட்டின் தர நிர்ணயத்திலேயே இந்தக் கதவு கட்டாயம். நாம் தொடர்ந்து பயன்படுத்துவதோ அதற்கு முந்தைய, அவர்கள் 1934-இல் வகுத்த உருண்டைப் பின் வகையை ஒட்டியது. அமெரிக்க மின்விதிகள் புதிய வீடுகளில் கதவுள்ள ஸாக்கெட்டை 2008-இல்தான் கட்டாயமாக்கின. நம் நாட்டு வயரிங் விதிகளிலும், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் ப்ளக்கை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் ஸாக்கெட்டோ, அதற்கு நிகரான பூட்டு ஏற்பாடோ வேண்டும் என்று இருக்கிறது. கடையில் ஷட்டர் ஸாக்கெட் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு பின் சார்ஜர் உள்ளே போகவில்லை என்று பேனாவை எர்த் ஓட்டையில் குத்திக் கதவைத் திறக்கிறோம். அதுவும் குழந்தையின் கண்ணெதிரே. இரண்டு வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் வேறு யாராலும் கொடுக்க முடியாது.

உபயோகமே இல்லாத தரையோரப் ப்ளக் பாயிண்ட் என்றால், இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கம்பியை உள்ளேயே பிரித்துக் காப்பிட்டு, ஸாக்கெட்டை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள வெற்றுத் தட்டை மாட்டிவிடுங்கள். மாடுலர் வகைகளில் இந்த வெற்றுத் தட்டு மிக மலிவு. மாட்டிய பிறகு குழந்தை அதை நக்கினாலும் கவலையில்லை.

இனி மூடிக்கு வருவோம். 6 ஆம்பியர், 16 ஆம்பியர் ஓட்டைகளுக்கென்று தனித்தனி அளவில் விற்கிறார்கள். அளவு மாறினால் லொடலொடக்கும். இறுகப் பொருந்தி, விரலால் எளிதில் எடுக்க முடியாததாகப் பாருங்கள். எளிதில் கழன்றால் அது நேராக வாய்க்குப் போகும், தொண்டையில் சிக்கும். இங்கிலாந்தில் கதவுள்ள ஸாக்கெட்டுகளில் இத்தகைய மூடிகளைச் செருகுவது கதவையே கெடுக்கிறது என்று, அந்நாட்டுச் சுகாதாரத் துறை 2016-இல் மருத்துவமனைகளிலிருந்து அவற்றை எடுத்துவிடச் சொன்னது. நம் கதவில்லாப் பழைய ஸாக்கெட்டுகளுக்கு மூடி உபயோகம்தான். ஷட்டர் ஸாக்கெட் மாட்டிய இடத்தில் அது தேவையில்லை.

நம் வீட்டுப் பண்டிகையும் இந்த ஊர்ப் பருவமும்

கொலுவுக்கு சீரியல் செட் போடாத வீடு உண்டா? படி முழுக்க வண்ண விளக்கு. கீழ்ப்படி குழந்தையின் மார்பளவு. அந்தச் சரத்தின் ப்ளக் உடைந்துபோனதும், கம்பியின் இரண்டு முனையையும் சீவி ஓட்டையில் செருகித் தீக்குச்சியை வைத்து இறுக்குகிற வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே கூடாது. பாட்டரியிலோ குறைந்த வோல்ட் அடாப்டரிலோ எரியும் எல்.இ.டி. சரங்கள் கிடைக்கின்றன, கொலுவுக்கு அவை போதும்.

ஹோலி முடிந்தால் நாக்பூரில் கூலர்களை இறக்குவோம். தகரப் பெட்டி, தண்ணீர், மோட்டார், நனைந்த தரை எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில். விதர்ப்பாவில் கோடை தவறாமல் கூலர் ஷாக் பற்றிய செய்தி நாளிதழில் வரும். கூலருக்கு மூன்று பின் ப்ளக்கும், எர்த் கம்பி உண்மையிலேயே தகரத்தோடு இணைந்திருப்பதும் கட்டாயம். தண்ணீர் நிரப்பும் முன் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கையும் பிடுங்க வேண்டும். குழந்தை ஜன்னல் கூலரின் முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்குவது பார்க்க அழகாக இருக்கும், அனுமதிக்காதீர்கள்.

குளிர்காலத்தில் தண்ணீர் காய்ச்ச வாளியில் தொங்கவிடும் ராடு பற்றி ஒரே வார்த்தை: தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டாம். காஸ் அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டக் கூடாத ஸ்விட்ச்

எல்லா ஸ்விட்சுக்கும் பூட்டு, மூடி என்று ஆரம்பித்தால் வேறொரு சங்கடம் வரும். பேரனைப் பார்த்துக்கொள்ள மாயவரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து இருக்கும் பாட்டி, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூம் விளக்கைப் போட முயன்று, மூடியைத் திறக்கத் தெரியாமல் இருட்டில் நடந்து விழுந்தால் இடுப்பு எலும்பு போகும். குழந்தையைக் காக்கிறேன் என்று பாட்டியைத் தள்ளிவிடக் கூடாது. என் அபிப்பிராயத்தில், படுக்கையறை, நடை, பாத்ரூம் விளக்கு ஸ்விட்சுகளுக்கு மூடியே வேண்டாம். போர்டு உடையாமல் இருந்தால் போதும். மூடி வேண்டியது மோட்டார், கீசர், அடுக்களைப் ப்ளக் பாயிண்ட் போன்றவற்றுக்கு. மொட்டை மாடியில் மழைக்காகப் போடும், கீல் வைத்த ஒளிபுகும் மூடியே இதற்கும் பொருந்தும். நான்கு வயதுக் குழந்தைக்குத் தன் அறை விளக்கு ஸ்விட்ச் எட்டுவதும் நல்லதே. எட்டாவிட்டால் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறும்.

ஸ்விட்சுக்குப் பதில் ரிமோட் வைத்த ஃபேனும் விளக்கும் வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றில் காசு போன்ற வட்ட பாட்டரி இருக்கிறது. குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகத் தொடங்கும். பாட்டரி மூடி திருகு போட்டதா என்று பார்த்து வாங்குங்கள்.

பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஒரு குழந்தையைச் சுற்றி நாலு பாஷை. பாட்டி "தொடாதே, ஷாக் அடிக்கும்" என்கிறார். வேலைக்கு வரும் பாய் "ஹாத் லாவூ நகோ" என்கிறார். அப்பா "நோ, நோ" என்கிறார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி "கரண்ட் லகேகா" என்கிறார். ஒன்றரை வயதுக் குழந்தை எதை ஆபத்தென்று புரிந்துகொள்ளும்? நாலு பாஷைக்கும் பொதுவாக இருப்பது "கரண்ட்" என்ற சொல்தான். எல்லோரும் அந்த ஒரே சொல்லை, ஒரே குரலில் சொல்வதென்று முடிவு செய்துகொள்ளுங்கள். வேலைக்கார அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள். பகல் முழுக்கக் குழந்தை அவரிடம்தான் இருக்கிறது. மெயின் ஸ்விட்ச் எங்கே, இன்வெர்ட்டர் ஸ்விட்ச் எங்கே என்பதையும் அவருக்குக் கையால் தொட்டுக் காட்டுங்கள்.

நடந்துவிட்டால்

குழந்தை கரண்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓடிப் போய்த் தூக்கத்தான் தாய்க்குக் கை வரும். தூக்கினால் இருவரும் மாட்டிக்கொள்வார்கள். முதலில் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். அது தூரத்தில் இருந்தால், உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் ஸ்டூல், உலர்ந்த கட்டைத் துடைப்பம் போன்றவற்றால் கம்பியையோ குழந்தையின் கையையோ தள்ளிவிடுங்கள். பிறகு மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருவர் 108 அல்லது 112-ஐக் கூப்பிட, மற்றவர் உடனே நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். குழந்தைகளுக்கான அந்த முறையைத் தெரிந்தவரிடம் நேரில் பழகிக்கொள்ளுங்கள். படித்துக் கற்கும் விஷயமல்ல.

உடனே அழுது, அரை மணியில் விளையாடத் தொடங்கிவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். தோலில் மிளகளவு கருகல் தெரியும். உள்ளே அதைவிட அதிகம் வெந்திருக்கலாம். பல் முளைக்கும் வயதில் வயரைக் கடித்து உதட்டோரம் வெந்த குழந்தைக்கு, புண் ஆறுவது போலத் தோன்றி, ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பொருக்கு உதிரும்போது திடீரென்று ரத்தம் பெருகுவது உண்டு. அப்படி நேர்ந்தால் உதட்டை உள்ளும் வெளியுமாக இரண்டு விரலால் இறுகப் பிடித்து அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்; வழியில் கையை எடுத்துப் பார்க்கக் கூடாது.